நாக்குக்கு அடியில் வைத்தது

ஐடாக்காவுக்கு எலியைக் கண்டால் பயமே கிடையாது. எலிக்கு நடந்தது வீட்டு மனிதருக்கும் நடந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள்தான் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு கூட்டம் அவளைப் புனிதவதி ஆக்கியது. இன்னொரு கூட்டம் புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்றது. இரண்டு கூட்டத்தையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க எனக்கு வாய் துடிக்கிறது. அது நடக்கிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நானும் அவளும் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலேறி பெங்களூரு போகிறவர்கள். கோலார் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊரே அந்த ரயிலில்தான் பிழைக்கிறது. நான் ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஐடாக்கா ஒயிட்ஃபீல்டில் இறங்கி, ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் சோதனை எலிகளை வளர்க்கிற அனிமல் ஹவுசுக்குப் போவாள். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது அவள் வேலை. எந்த எலி சுகமாக இல்லை என்று பார்த்துச் சொல்வதும் அதில் சேர்த்தி.

அவள் புருஷன் சைலஸ் அண்ணன் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர். கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையதுதான். சர்க்கரை வியாதி உண்டு, அதைப் பற்றிக் கவலை கிடையாது. மாத்திரை போட மறந்துவிடுவார் என்று ஐடாக்காவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ரயிலுக்கு ஓடும்போது வீட்டு வாசல் கேட்டருகில் நின்று கூப்பிடுவாள். அவர் லுங்கியை மடித்துக்கொண்டு வந்து வாயைத் திறப்பார். அவள் மாத்திரையைப் போட்டு, சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். இது என்ன மாத்திரை என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. "ஐடா கையில பினாயில் இருந்தாலும் குடிச்சிடுவேன்" என்று எங்களிடம் பெருமை வேறு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு வாய்த்தது அப்படி இல்லை என்ற பொறாமைதான், வேறென்ன.

அந்த வருஷம் அனிமல் ஹவுசில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி ஐடாக்கா ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். காலைப் பலகாரம் சாப்பிடுகிற நேரத்தில் கேட்கிற கதை இல்லை அது. எலிகளுக்குக் கிருமியின் விஷத்தை ஏற்றுவார்கள். உடம்பு முழுக்க ரத்தத்தில் கிருமி பரவினால் மனிதனுக்கு என்ன ஆகுமோ அது எலிக்கு ஆகும். அப்போது கல்லீரலுக்கு ரத்தம் எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். இதை நடத்தியவர் மமதா மேடம் என்ற இளம் ஆராய்ச்சியாளர். கன்னடக்காரப் பெண், ஐடாக்காவோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள்.

"விஷம் ஏறின எலி எப்டி கீதுன்னு பார்த்தவுடனே சொல்லிடுவேன் மாலா" என்பாள் ஐடாக்கா. "முதுகைக் கூனிகினு, மூஞ்சிய மூலைப் பக்கம் வெச்சுகினு குந்திக்கும். முடியெல்லாம் நட்டுக்கும். தண்ணி பாட்டில் பக்கத்துலயே கீது, நக்கிப் பார்க்காது. நம்மளத் திரும்பிக்கூட பார்க்காது."

ஏன் இப்படி ஆகிறது என்று மமதா மேடத்திடம் அவள் கேட்டிருக்கிறாள். மேடம் சொன்னது இது. நம் உடம்பே ஒரு வாயுவை உண்டாக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு என்று பெயர். ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலை. கிருமி விஷம் ஏறும்போது இந்த வாயு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. எல்லாக் குழாயும் தளர்ந்து பிரஷர் விழுகிறது. அப்படியென்றால் வாயுவை நிறுத்திவிட்டால் போதுமே என்று ஒரு கூண்டு எலிகளுக்கு அதை நிறுத்துகிற மருந்தைக் கொடுத்தார்கள். பிரஷர் அழகாக ஏறியது. ஆனால் கல்லீரலுக்குள் இருக்கிற நுண்ணிய குழாய்களைத் திறந்து வைத்திருந்ததும் அதே வாயுதான். அது இல்லாமல் அவை இறுகிக்கொண்டன. ரத்தம் போகாமல் கல்லீரல் செத்தது. எல்லா இடத்து வாயுவையும் ஒரேயடியாக நிறுத்தினால் இப்படி ஆகிறது, வேறு வழி உண்டா என்று பார்க்கத்தான் இவ்வளவும் என்றாளாம் மேடம்.

"மெஷின்ல நம்பர் நல்லா கீதுன்னு எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. அறுத்துப் பார்த்தா ஈரல் பூரா கறுப்புக் கறுப்பா திட்டு." இதைச் சொல்லும்போது ஐடாக்கா தன் வலது பக்க விலாவைக் கையால் பொத்திக்கொண்டாள். மாலூர் தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. ஐடாக்காவின் அப்பா சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற ஆள். டைனமைட்டைக் கையில் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி வரும். சில நாள் பழகினால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை லீவில் உடம்பு அதை மறந்துவிடும், திங்கட்கிழமை ஷிஃப்டில் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் சனிக்கிழமை வரும்போதே அந்த வெடிமருந்தில் துளியைத் தொப்பியின் உள்பட்டையில் தடவிக்கொண்டு வருவார். ஞாயிறு முழுக்க அந்தத் தொப்பியோடுதான் இருப்பார். சிறு பிள்ளையாக ஐடாக்கா ஒரு நாள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, முகம் சிவந்து, நெற்றிப்பொட்டு இடி இடிக்க வாந்தி எடுத்திருக்கிறாள்.

இந்தத் தொப்பிக் கதையைக் கேட்டதும் மமதா மேடம் குதித்தாளாம். "அக்கா, அதுவும் இதே வாயுதான்! உடம்புக்குள்ள போய் இதுவா மாறிடும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை கூட இதே வேலைதான் செய்யுது" என்றாளாம். ஐடாக்காவுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். எந்த ஆராய்ச்சிக்கும் போகாத தன் நைனா பெரிய விஷயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாரே என்று பங்காரப்பேட்டை வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மழை தொடங்கின சமயத்தில் சைலஸ் அண்ணன் ஊருக்குள்ளேயே மைசூர் மைன்ஸ் பக்கம் சேற்றில் மாட்டிய ஆட்டோவைத் தள்ளும்போது துருப்பிடித்த ஆணியை மிதித்திருக்கிறார். சர்க்கரைக் காலுக்கு வலி தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை, ஐடாக்கா திட்டுவாள் என்று.

சில நாள் கழித்து ஒரு காலை, கேட்டருகில் நின்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று முனகிக்கொண்டே உள்ளே போனாள். கட்டில் மூலையில், சுவரைப் பார்த்து, முதுகைக் கூனிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கை முடியெல்லாம் நட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர், தொடவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை.

நான் பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன் வந்தது. "மாலா, வா. ஓடி வா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அவரு இல்ல மாலா. அங்க குந்தினுகிறது நம்ம கூண்டு எலி."

நான் ரயிலை விட்டுவிட்டு ஓடினேன். பக்கத்துத் தெருவிலிருந்து சைலஸ் அண்ணனின் மூத்த சகோதரர் பர்னபாசும் வந்தார். சுரங்கத்தில் ஷாஃப்ட் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர், இதய நோயாளி. வெறும் காய்ச்சல்தானே, கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்றார். ஐடாக்கா அவர் பேச்சை முடிக்கவிடவில்லை. "மாமா, நீங்க ஆட்டோ கூப்புடுறீங்களா, நான் தெருவுல போய் கத்தட்டுமா?" என்றாள். அவ்வளவு வருஷத்தில் மூத்தாரை எதிர்த்து அவள் பேசியது அன்றுதான். நேராகக் கோலாருக்குப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஐசியுவில் இருந்த டாக்டர் ஷில்பா வயதில் சின்னவர். கால் கட்டைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார். "ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் ஏறியிருக்கு. செப்சிஸ். இப்பவாவது வந்தீங்களே" என்றார். அந்த வார்த்தை எனக்குப் புதிது. ஐடாக்கா அதைத் தினமும் கூண்டுகளின் மேல் ஒட்டிய சீட்டில் பார்க்கிறவள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பிரஷர் விழுந்துகொண்டே இருந்தது. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள், கிருமிக்கு மருந்து போட்டார்கள். பிறகு பிரஷரை ஏற்ற ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடப்போவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து, "பிரஷர் பரவாயில்லை, மருந்துல நிக்குது" என்றார். பர்னபாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் கொஞ்சம் தயங்கி, "ஆனா லிவர் டெஸ்ட் நல்லா வரல. கண்ணு மஞ்சளாகுது. பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஐடாக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அதேதான்" என்றாள். "நம்பர் நல்லா கீது. ஈரல் போவுது. அதே கூண்டுதான் மாலா இது."

டாக்டரிடமே கேட்கலாமே என்றேன். "இன்னான்னு கேப்பேன்? எலி கழுவுறவ நான், உங்க மருந்து தப்புன்னு சொல்லவா?" என்றாள். மமதா மேடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டாள். கன்னடத்தில் ஏதோ ஒரு பெண் குரல், பிறகு முயற்சிக்கவும் என்றது. அந்த வராந்தாவில் அவள் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். சுவர்வரை போவாள், திரும்புவாள், விலாவைப் பொத்திக்கொள்வாள். கண்ணை மூடினால் கறுப்புத் திட்டு தெரிகிறது என்றாள். எனக்கும் தெரிந்தது, நான் அதைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

பார்வையாளர்களை விடுகிற நேரம் நெருங்கியது. ஒரு ஆள்தான் போகலாம். ஐடாக்கா பர்னபாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பி இருக்கும், நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை.

"மாமா, நெஞ்ச அடைக்கிற மாதிரி கீது. ஒண்ணு குடுங்க."

பெரியவர் பதறிப்போய் டப்பியைத் திறந்து கொடுத்தார். "உக்காந்துகினு போட்டுக்கோ மா, தலை சுத்தும்" என்றார். அவள் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பச்சை அங்கியை மாட்டிவிட்டு நர்ஸ் அவளை உள்ளே கூட்டிப் போனார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு நெஞ்சு வலி என்றே நானும் நினைத்தேன்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னதிலிருந்து சொல்கிறேன். அவர் கண் பாதி திறந்திருந்தது. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். அவள் ஆக்ஸிஜன் மூடியைக் கொஞ்சம் தூக்கி, "வாயைத் திறங்க" என்றாள். அந்த நிலையிலும் அவர் திறந்தார். பழக்கம்தானே. அவள் விரலால் நாக்கைத் தூக்கி மாத்திரையை வைத்தாள். "இயேசுவே, ஈரலுக்கு வழி திறந்துவிடும்" என்றாள். நின்றுபோன வாயுவைத் திருப்பிக் கொடுப்பதாக நினைத்தாள். நைனா தொப்பியில் வைத்ததைத்தானே நான் நாக்கில் வைக்கிறேன் என்று நினைத்தாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி கொஞ்ச நேரம் இருந்தது என்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவளால் இப்போதும் மறக்க முடியவில்லை.

தலைமாட்டில் இருந்த திரையில் நம்பர் இறங்கியது. முதலில் கொஞ்சம். பிறகு சறுக்கியது. மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்தார், இன்னொருவர் ஓடி வந்தார், ஐடாக்காவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். டாக்டர் ஷில்பா ஓடினார். தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும், தயாராக இருங்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இன்ஃபெக்‌ஷன் முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள்.

ஐடாக்கா என் புடவையைப் பிடித்தாள். "மாலா, நான் வெச்சிட்டேன். மாமா மாத்திரைய அவரு நாக்குல வெச்சிட்டேன்."

பர்னபாசுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து நின்றவர் அப்படியே நாற்காலியில் விழுந்தார். "ஐயோ, அது பிரஷரை இறக்குமே மா. எனக்கே படுத்துகினுதான் போடச் சொல்லிகீறாங்க." பிறகு என்ன தோன்றியதோ, குரலை அடக்கிக்கொண்டு, "சொல்லாதே. இப்போ எதுவும் சொல்லாதே. போலீசு, கேசுன்னு ஆயிடும். மாத்திரை என்னுது. ரெண்டு பேரும் உள்ள போவோம்" என்றார். நல்ல மனிதர்தான், மறைக்கச் சொன்னதைக்கூட ஜெபம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பயம் மனிதனை என்ன பேச வைக்கும் என்று அன்று பார்த்தேன்.

ஐடாக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் இரண்டு கையாலும் அந்தக் கண்ணாடிக் கதவை இடித்தாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "டாக்டரம்மா! இன்ஃபெக்‌ஷன் இல்ல! நான் மாத்திரை குடுத்தேன்! நான்தான் குடுத்தேன்!"

கதவு திறந்தது. டாக்டர் ஷில்பாவின் கண்ணில் நெருப்பு. "ஏனு கொட்ரி? என்ன கொடுத்தீங்க?" பர்னபாஸ் டப்பியை நீட்டினார். டாக்டர் பெயரைப் படித்தார். "எத்தனை?" "ஒண்ணு." "இப்போதா?" "இப்பத்தான்." டாக்டர் திரும்பிக் கன்னடத்தில் கத்தினார். நாக்குக்கு அடியில் மிச்சம் இருந்ததைப் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைத்தார்கள். சொட்டு மருந்தைக் கூட்டினார்கள். குழாய் போட எடுத்து வைத்ததை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார் டாக்டர். நாங்களும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். நம்பர் ஏறத் தொடங்கியபோது ஐடாக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள், எப்போது மண்டியிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு டாக்டர் வெளியே வந்து அவளைக் காய்ச்சி எடுத்தார். எல்லாம் நியாயமான வசவுதான். ஐடாக்கா தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, கடைசியில் எலி, வாயு, கூண்டு, கறுப்புத் திட்டு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். டாக்டரின் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோவாக மாறியது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, உங்க எலிக்குக் கொடுத்தது அந்த வாயுவையே நிறுத்துற மருந்து. நான் கொடுக்கிறது அது இல்லை. குழாயை இறுக்குறதுக்கு இது வேற வழி. அந்த வாயுவை இது தொடவே தொடாது. பிரஷர் ஏறினா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டீங்க."

"அப்போ ஈரலு?"

"பிரஷர் விழுந்தப்பவே லிவருக்கு அடி பட்டிருக்கு. திரும்புமான்னு இன்னும் தெரியாது. பயமாத்தான் இருக்கு, எனக்கும்" என்றார். ஒரு டாக்டர் வாயால் அப்படிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஏனோ அதற்குப் பிறகுதான் ஐடாக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

சாயங்காலம் மமதா மேடம் போன் செய்தாள். மெஷின் ரூமில் போன் அனுமதி இல்லையாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எலிக்குச் சொன்னதை மனுஷனுக்குன்னு எடுத்துக்காதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும் அக்கா. எங்களுக்கே அது இன்னும் தெரியாது" என்றாள். அழுதாளோ என்னவோ.

ஈரல் திரும்பியது. மெதுவாகத்தான் திரும்பியது. ஒவ்வொரு காலையும் அவர் கண் இமையைத் தூக்கி ஐடாக்கா மஞ்சளைப் பார்ப்பாள். நேற்றைவிடக் குறைவா கூடவா என்று என்னையும் பார்க்கச் சொல்வாள். காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டு அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை விஷயத்தை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியதோடு சரி. வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று ஐடாக்கா இருந்தாள். அந்தப் பிறகு வரவே இல்லை.

நன்றி ஆராதனைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் அண்ணன் பிழைத்ததற்கு எந்த சாமிக்கு நன்றி சொன்னாலும் நான் வருவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தான் பிழைத்ததைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொல்ல சைலஸ் அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். குரல் மட்டும் பழையபடி கனமாக இருந்தது.

"நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். இருட்டு. எங்க போறேன்னு தெரியல. அப்போ என் ஐடா வந்து வாயைத் திறங்கன்னா. கர்த்தருடைய அப்பத்தை என் நாக்குக்கு அடியில வெச்சா. இயேசுவேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அது கரைய கரைய நான் திரும்பி வந்தேன். டாக்டர் மருந்து இல்ல, அந்த அப்பம்தான் என்னை எழுப்புச்சு."

திருவிருந்தில் கொடுக்கிற அப்பம் என்றே அவர் நம்பியிருந்தார். அல்லேலூயா என்று சபையே எழுந்தது. முன் பெஞ்சில் ஐடாக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு கூனிக்கொண்டிருந்தது.

அது அதோடு போயிருக்கலாம். சந்தோஷமான ஒரு பொய், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நான்கூட விட்டிருப்பேன். ஆனால் நடுவில் பாக்கியவதி எழுந்தாள். அவள் புருஷன் காலில் புண்ணோடு காய்ச்சலில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். "ஐடாக்கா, எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா தண்ணிகூட குடிக்கல. கோலாருக்குக் கொண்டு போவலாம்னு இருந்தேன். இனி வேணாம். நீங்க வந்து உங்க கையால அந்த அப்பத்தை வெச்சிடுங்க. அது போதும்" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

ஐடாக்கா எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சபையின் பக்கம் திரும்பினாள்.

"அது அப்பம் இல்ல" என்றாள். "எங்க மாமாவோட நெஞ்சு வலி மாத்திரை. நான் அறியாத்தனமா வெச்சேன். அதுல அவரு சாவப் பார்த்தாரு. எழுப்புனது டாக்டரம்மா. பாக்கியவதி, உன் புருஷன இப்பவே கொண்டு போ. இப்பவே. அவரு மூஞ்சிய சுவத்துப் பக்கம் வெச்சுகினு கீறாரா? அப்போ போ, நிக்காதே!"

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பர்னபாஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பாக்கியவதி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அன்று மதியமே அவள் புருஷனைச் சேர்த்தார்கள், பிழைத்துவிட்டார். இதை ஊரில் யாரும் கதையாகச் சொல்வதில்லை. விஷம் வைத்தவள் என்பதுதான் நாக்குக்கு ருசியாக இருக்கிறது.

சைலஸ் அண்ணன் முன்னால் நின்றபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கோலை ஊன்றி மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக உட்காருவதைவிடக் கொஞ்சம் தள்ளி.

வீட்டில் சண்டை ஒன்றும் வரவில்லை. அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றுகூடச் சொன்னாராம். ஐடாக்கா திரும்ப வேலைக்குப் போகிறாள். இப்போதும் மூலையைப் பார்த்து உட்கார்ந்த எலியைக் கண்டால் அவளுக்குக் கை நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியைப் பற்றி ரயிலில் பேசுவதை விட்டுவிட்டாள்.

போன வாரம் அவளோடு சேர்ந்து போகலாம் என்று அவள் வீட்டுப் பக்கம் போனேன். அவள் கேட்டருகில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சைலஸ் அண்ணன் கோலோடு வந்தார். அவள் மாத்திரையைப் பிரித்து எடுத்தாள். அவர் உள்ளங்கையை நீட்டினார். அவள் வைத்தாள். "இது இன்னாது?" என்றார் சிரித்துக்கொண்டே. "சர்க்கரைக்கு" என்றாள். அட்டையையும் கேட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பெயரைப் படித்துவிட்டு, தானே வாயில் போட்டுக்கொண்டார்.

ரயில் ஏறி உட்கார்ந்ததும் நான்தான் சமாதானமாகச் சொன்னேன், இனிமேல் அவரே பார்த்துப் போட்டுக்கொள்வார், உனக்கும் ஒரு கவலை குறைந்தது என்று.

"நல்லதுதான் மாலா" என்றாள் ஐடாக்கா. "பார்த்துத்தான் போடணும். ஐசியுல அவ்ளோ மயக்கத்துலயும், நான் சொன்னவுடனே வாயைத் திறந்தாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்போ திறக்க மாட்டேங்கிறாரு."